ஜவ்வாது மலைக் கற்களும் ஜீப்பின் பின் ஆக்ஸில் கவரும்

அணைக்கட்டுப் பக்கமிருந்தும் ஒடுகத்தூர் பக்கமிருந்தும் ஜவ்வாது மலைக்கு ஏறி, அங்கிருந்து சாமையும் புளியும் கடுக்காயும் இறக்கி வருவது எங்கள் வீட்டுத் தொழில். பழைய வடஆர்க்காடு 1989-இல் பிரிந்து, பிறகு வேலூரும் 2019-இல் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், ஒரே சுற்றில் வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களைத் தொட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. பாதையில் கிடக்கும் கருங்கல்லுக்கு அந்த வேறுபாடெல்லாம் கிடையாது. முதன்மைச் சாலைகளில் தார் விழுந்துவிட்டாலும், அவற்றிலிருந்து சிற்றூர்களுக்குக் கிளை பிரியும் வழிகள் பலவும் இன்றைக்கும் மண்ணும் கல்லுமாகவே கிடக்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து, கல் மட்டும் தலை நீட்டி நிற்கும். அந்த வழிகளில் நான் ஓட்டுவது நான்கு சக்கர இயக்கம் கொண்ட பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப். அதன் பின் ஆக்ஸிலில் இருந்த மெல்லிய டிஃபரன்ஷியல் கவரை எடுத்துவிட்டுத் தடித்த எஃகுத் தகட்டில் செய்த கவரைப் பொருத்தி ஓட்டிவரும் அனுபவத்தை, இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். இந்த வேலையில் இறங்குகிற பலரும் தகட்டின் கனத்தைத்தான் கேட்கிறார்கள். கவரின் வாய் எவ்வளவு சமமாக இருக்கிறது, போல்ட்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது, ஆக்ஸில் மூச்சு விடுகிறதா என்பவற்றைக் கேட்பவர் குறைவு. என் அனுபவத்தில் கனத்தைவிட இவை மூன்றுமே அதிகம் கணக்கில் வந்தன.

முதலில் அந்தக் கவருக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கியர் பெட்டியிலிருந்து வரும் சுழற்சியைப் பினியன் என்னும் சிறிய பல்சக்கரம் வாங்கி, கிரவுன் வீல் என்னும் பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுக்கிறது. கிரவுன் வீலோடு சேர்ந்து சுழலும் டிஃபரன்ஷியல், இரு பக்கச் சக்கரங்களுக்கும் அதைப் பங்கிடுகிறது. இவை அனைத்தும் ஒரு வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் எண்ணெயில் பாதி மூழ்கிக் கிடக்கின்றன. கூட்டின் திறந்த வாயை அடைப்பதே கவர். தொழிற்சாலையிலிருந்து வரும் கவர், அச்சில் அழுத்தி எடுத்த மெல்லிய தகடு. எண்ணெயை உள்ளேயும் தூசியை வெளியேயும் நிறுத்தி வைப்பதும், பழுது பார்க்கும்போது திறக்க வழிவிடுவதுமே அதற்கு இட்ட வேலை. கல்லை எதிர்கொள்வதற்காக யாரும் அதை வடிவமைக்கவில்லை. கவருக்கு உள்ளே கிரவுன் வீல் மிக நெருக்கமாகச் சுழல்வதால், வெளியே சிறு குழி விழுந்தாலே தகடு உள்ளே போய்ப் பல்லில் உரசத் தொடங்கும். விளிம்பு மடங்கினால் பேக்கிங் விட்டு எண்ணெய் ஒழுகும். இரண்டில் எது நேர்ந்தாலும், கவனிக்காமல் ஓட்டினால் கிரவுன் பினியன் இரண்டும் போய்விடும்.

எல்லா வண்டிக்கும் இந்த மாற்றம் பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். ஆக்ஸில் கூட்டில் இரு வகை உண்டு. பின்பக்கம் போல்ட்டு போட்ட கவரைக் கழற்றினால் கிரவுன் வீல் கண்ணுக்குத் தெரியும் வகை ஒன்று. வில்லிஸ் என்னும் அமெரிக்க ஜீப்பின் வழிவந்த பழைய மஹிந்திரா ஜீப்புகளின் பின் ஆக்ஸிலும், ஜீப் ராங்ளர் ரூபிகான் போன்றவற்றில் வரும் டானா நிறுவனத்தின் டானா 44 ஆக்ஸிலும் இவ்வகை. மற்றொன்று மாருதி ஜிப்ஸியில் இருப்பது போன்றது. அதில் கிரவுன் பினியன் முழுத் தொகுதியாக முன்பக்கமாகக் கழன்று வரும், பின்பக்கக் குமிழ் கூட்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இரண்டாம் வகை வண்டிக்குக் கழற்றி மாற்றுவதற்குக் கவர் என்று ஒன்று கிடையாது. அடியில் காப்புத் தகடு பொருத்துவது ஒன்றே வழி. வேலூரிலேயே ஓர் உதிரிபாகக் கடையில், ஜிப்ஸி வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் கனமான கவர் கேட்டு வாதாடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வண்டிக்கு அடியில் ஒரு முறை படுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

எனக்கு இந்தத் தேவை வந்தது பின்னோக்கி ஓட்டியபோதுதான். முன்னோக்கிப் போகும்போது பின் ஆக்ஸிலில் கல்லைச் சந்திப்பது பெரும்பாலும் பினியன் இருக்கும் மூக்குப் பகுதி. அது கனத்த வார்ப்பு, எளிதில் அசையாது. கவர் இருப்பது அதற்கு நேர் பின்னால். ஆகவே பின் கவருக்கு அடி விழுவது ரிவர்ஸ் எடுக்கும்போதோ, ஏற்றத்தில் பிடிப்பு விட்டு வண்டி பின்னால் சறுக்கும்போதோ, கல்லின் மேலிருந்து சக்கரம் நழுவி ஆக்ஸில் இறங்கும்போதோதான். பீஞ்சமந்தைக்கு அப்பால் ஒரு குறுகலான வழியில் நான் ஏறிக்கொண்டிருந்தபோது, எதிரே மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லரோடு இறங்கி வந்தது. டிரெய்லரோடு அவரைப் பின்னால் ஏறச் சொல்ல முடியாது. அவருடைய ஆள் கீழே குதித்து என் வண்டிக்குப் பின்னால் நின்று, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்று கை காட்ட, நான் வளைவு வரை பின்னால் இறங்கினேன். இரு சக்கரத் தடங்களுக்கும் நடுவில் மண்ணில் புதைந்து நின்ற ஒரு கல் அடியில் மோதியது; பெரிய சத்தம்கூட இல்லை. டிராக்டர் கடந்து போனபின் வண்டியை நகர்த்தியதும், சக்கரம் சுற்றச் சுற்ற ஒரே இடைவெளியில் கீறும் ஒலி வந்தது.

படுத்துப் பார்த்தபோது கவரின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. கீழ் விளிம்பில் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே கருத்த எண்ணெய் வியர்த்து, கல்லின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கியர் எண்ணெயின் கந்தக வாடையை ஒருமுறை முகர்ந்தவருக்கு வேறு எண்ணெயோடு குழப்பம் வராது. பத்து போல்ட்டையும் கழற்றிக் கவரைத் திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில் குழியின் முகட்டில் மட்டும், கிரவுன் வீல் பல் உரசிய இடம் பிறைபோல் வளைந்த கோடுகளாக வெள்ளி நிறத்தில் மின்னியது. மற்ற இடமெல்லாம் பழுப்பேறிய எண்ணெய்ப் படிவு. கவரைப் புளிய மரத்து வேரின் மேல் கவிழ்த்து வைத்து, உட்பக்கமிருந்து கட்டை கொடுத்துச் சுத்தியலால் தட்டிக் குழியை வெளியே தள்ளினேன். விளிம்பைக் கண் அளவுக்கு நேராக்கி, சிலிக்கான் பசை தடவிப் பூட்டி, கைவசம் இருந்த எண்ணெயை ஊற்றி மெதுவாக இறங்கி வந்தேன். மலைக்குப் போகும் வண்டியில் ஒரு குழல் பசையும், ஒரு லிட்டர் கியர் எண்ணெயும், அந்த போல்ட்டுக்குரிய ஸ்பேனரும், பழந்துணியும் எப்போதும் இருக்க வேண்டும். இவை இல்லாதபோது துணி சோப்புக் கட்டியை ஈரமின்றித் தேய்த்துக் கசிவை அடைத்து ஊர் வந்து சேர்ந்தவர்களும் எங்கள் பக்கம் உண்டு. சிறு வியர்வைக்கு அது போதும், ஒழுக்குக்குப் போதாது.

சத்துவாச்சாரியில் என் வண்டியைப் பார்க்கும் பாய், தட்டி நிமிர்த்திய கவரைக் கையில் வாங்கியதும், "இன்னா தம்பி, கல்லு முத்தம் குடுத்துட்டுதா?" என்றார். பிறகு கவரை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஒரு மூலையில் விரலால் அழுத்தினார்; எதிர் மூலை எழும்பியது. "வாய் கோணிப்போச்சு. எவ்ளோ பசை தடவினாலும் இது அழும்" என்று ஓரமாகப் போட்டுவிட்டார். ஆக்ஸிலுக்குள் அவர் பார்த்தவை மூன்று. கிரவுன் வீல் பல் ஒவ்வொன்றையும் விளக்கு வைத்துத் திருப்பிப் பார்த்தார். முனை உடைந்த பல் இல்லை. அடியில் தேங்கிய எண்ணெயில் காந்தத்தை விட்டு எடுத்தார். சாம்பல் நிறத்தில் மாவுபோல் ஒட்டியிருந்தது. அது இயல்பான தேய்மானம். செதில்களோ துணுக்குகளோ வந்திருந்தால் கவரைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லாமல் போயிருக்கும். பிறகு டயல் கேஜ் வைத்துப் பினியனுக்கும் கிரவுனுக்கும் இடையிலான ஆட்டத்தை அளந்தார். இவ்வகை ஆக்ஸிலில் அது பொதுவாக 0.13 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும், என்னுடையது அதற்குள்ளேயே இருந்தது. அளவு சரியாக இருந்ததால் பேரிங் மூடிகளில் கை வைக்கவில்லை. கவர் திறந்திருக்கிறதே என்று பேரிங் மூடிகளைத் தளர்த்திப் பார்ப்பவர்கள் உண்டு. அவை வலம் இடம் மாறினாலே எல்லா அமைப்பும் கெடும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த கேள்வி, எந்தக் கவர் என்பது. டானா 44 ஆக்ஸிலுக்கு வெளிநாட்டில் பல நிறுவனங்கள் கனத்த கவர் செய்கின்றன. சுங்கமும் அனுப்புச் செலவும் சேர்ந்தால், பழைய ஜீப்புக்குப் போடும் பொருளாக அது இருப்பதில்லை. தவிர, இங்கே நம் ஆக்ஸிலின் போல்ட்டு வட்டம் அதனோடு அப்படியே ஒத்துப்போகும் என்று வாங்குவதற்கு முன் உறுதி செய்துகொள்ள வேண்டும். பொருளைப் பொறுத்தவரை, துடுப்பு வைத்த அலுமினியக் கவர் பார்க்க அழகாக இருக்கும், வெப்பத்தை நன்றாக வெளியேற்றும், எண்ணெயும் கூடுதலாகக் கொள்ளும். நெடுஞ்சாலையில் கனத்த சுமை இழுப்பவருக்கு அது நல்ல தேர்வு. கல்லடிக்கு ஆகாது, ஏனென்றால் வார்ப்பு அலுமினியம் வளைந்து கொடுக்காமல் விரிசல் விடும். மலைப்பாதைக்கு உகந்தவை இரண்டு: அடி தாங்கும் இளக்கமுள்ள உருண்டைக் கரி வார்ப்பிரும்பு (எஸ்.ஜி. அயர்ன்), அல்லது தடித்த எஃகுத் தகட்டில் பற்றவைத்துச் செய்தது. சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பில் செய்த மலிவுக் கவரைக் கனமாக இருக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம். அதுவும் அலுமினியத்தைப் போல் உடையும் சாதிதான்.

எஃகுத் தகட்டைத் தேர்ந்ததற்கு ஊர் ஒரு காரணம். இராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை இருப்பதால், அதைச் சுற்றித் தகட்டு வேலையும் பற்றவைப்பும் செய்யும் சிறு பட்டறைகள் நிறைய வளர்ந்திருக்கின்றன. கசிவு என்ற சொல்லையே குற்றமாகக் கருதிப் பழகிய கைகள் அங்கே உண்டு. எங்கள் தகர வேலைக் கடைகளில் செய்யச் சொல்லியிருந்தால் கவர் கனமாக வந்திருக்கும், சமமாக வந்திருக்காது.

துளை வட்டத்தை எடுக்கப் பழைய கவர் உதவவில்லை, அது கோணியிருந்தது. பாய் பேக்கிங் தாளை ஆக்ஸில் கூட்டின் வாயில் விரித்துப் பிடித்து, கிரீஸ் பட்ட பெருவிரலால் விளிம்பையும் ஒவ்வொரு துளையையும் அழுத்தித் தேய்த்தார். பத்து துளைகளும் வட்டமாகத் தாளில் பதிந்தன. அந்தத் தாளைக் கொண்டுபோய்த்தான் பட்டறையில் 12 மி.மீ. தகட்டில் வளையம் வெட்டினார்கள். மேல் குமிழுக்கு 6 மி.மீ. தகடு. பட்டறை மேஸ்திரி குமிழைத் தட்டையான பெட்டி வடிவில் செய்தால் வேலை குறையும் என்றார். நான் வளைவாகவே வேண்டும் என்று நின்றேன். கிரவுன் வீல் சுழலும்போது அடியிலிருந்து எண்ணெயை வாரி மேலே எறிகிறது; அது கவரின் வளைவில் வழிந்து திரும்பிப் பினியன் பேரிங்குகளை நோக்கி ஓட வேண்டும். தட்டைச் சுவரில் மோதித் தெறித்து நுரைத்துப்போகும் எண்ணெய் அந்த வேலையை ஒழுங்காகச் செய்யாது என்பது என் எண்ணம். கவருக்கு உள்ளே இருக்கும் வடிவத்தைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை, வெளி வடிவத்தைத்தான் வண்ணம் பூசிக் காட்டுகிறார்கள்.

பற்றவைக்கும்போது வளையம் வெப்பத்தில் கோணும். இதைத் தடுக்க, வளையத்தை 25 மி.மீ. கனமுள்ள ஓர் அடித்தகட்டில் பத்து போல்ட்டாலும் இறுக்கி வைத்து, முதல் ஓட்டத்தை ஆர்கான் முறையிலும், அதன் மேல் உலர்த்திச் சூடேற்றிய 7018 ராடிலும், ஒரே பக்கமாகத் தொடர்ந்து போகாமல் எதிரெதிர் இடங்களில் சிறிது சிறிதாகப் பற்றவைத்தார்கள். முழுக்க ஆறும்வரை அடித்தகட்டிலிருந்து கழற்றவில்லை. அப்படியும் கழற்றியபின் கால் மில்லிமீட்டர் அளவுக்குக் கோணல் இருந்தது. லேத்தில் நான்கு தாடைச் சக்கில் பிடித்து வாயை ஒருமுறை முகம் எடுத்து (சமமாகச் சீவி) முடித்த பின்பே கண்ணாடியில் ஆடாமல் உட்கார்ந்தது. செய்து தருபவர் யாராக இருந்தாலும், பற்றவைத்த பின் முகம் எடுப்பீர்களா என்று கேளுங்கள். தேவையில்லை என்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

கசிவுச் சோதனையை அங்கேயே செய்து காட்டினார்கள். கவரின் வெளிப்புறத் தையல்கள் முழுவதும் சுண்ணாம்புக் கரைசலைப் பூசிக் காயவிட்டு, உட்புறத் தையல்களில் மண்ணெண்ணெயைத் தூரிகையால் தாராளமாகத் தடவி வைத்தார்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, கீழ் மூலையில் வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் மிளகளவுக்கு ஓர் ஈரப் புள்ளி எழுந்திருந்தது. அந்த இடத்தைக் கிரைண்டரால் தோண்டி மீண்டும் பற்றவைத்து, மீண்டும் பூசிப் பார்த்தார்கள். இதைச் செய்யாமல் எடுத்து வந்திருந்தால், பூட்டி எண்ணெய் ஊற்றிய பின் அந்தப் புள்ளியைத் தேடிப் பசையின்மேல் பழிபோட்டுக்கொண்டிருப்போம்.

பூட்டுவதற்கு முன் உள் இடைவெளியைச் சரிபார்த்தோம். பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணைக் கவரின் உட்புறத்தில் பட்டையாக ஒட்டி, பசையில்லாமல் நான்கு போல்ட்டால் மாட்டி, பின் சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டுக் கழற்றினால், கிரவுன் வீல் எவ்வளவு நெருங்குகிறது என்பது களிமண்ணில் பதிந்துவிடும். எனக்கு மிக நெருங்கிய இடத்தில் விரல் கனத்துக்கு இடம் இருந்தது. வெளிப்புறத்திலும் பார்க்க வேண்டியது உண்டு: சுமையில் ஸ்பிரிங் பட்டை முழுக்க அழுந்தி ஆக்ஸில் மேலேறும்போது, புதிய கவரின் புடைப்பு பின் குறுக்குச் சட்டத்தையோ இழுவைக் கொக்கியின் அடிப்பகுதியையோ தொடக் கூடாது. பழைய கவர் போல்ட்டில் பிரேக் குழாயைப் பிடிக்கும் கிளிப்போ, பல் விகிதம் பொறித்த தகரச் சீட்டோ மாட்டியிருந்தால், இரண்டுக்கும் புதிய கவரில் இடம் ஒதுக்க வேண்டும். அந்தச் சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு கிரவுன் பினியன் வாங்கப் போய் விகிதம் தெரியாமல் நிற்பவர்கள் பலர். இந்த வேலை நடக்கும்போது வண்டி ஜாக்கில் மட்டும் நிற்கக் கூடாது, கனத்த ஸ்டாண்டில் நிற்க வேண்டும், முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

போல்ட்டு விஷயத்தில் நான் சற்று நீட்டியே பேசுவேன். பழைய கவரின் தகடு மெல்லியது, புதிய வளையம் 12 மி.மீ.; ஆகவே பழைய போல்ட்டு குட்டையாகிவிடும், இரண்டு மூன்று சுற்று மரையில் மட்டும் தொங்கும். இதற்காக நீளமாகக் கிடைத்ததைப் போட்டால், அடைத்த துளையாக இருக்கும் இடத்தில் போல்ட்டு நுனி அடியில் முட்டி, இறுகியதுபோல் கைக்குத் தோன்றும், கவர் இறுகியிருக்காது. ஒவ்வொரு துளையின் ஆழத்தையும் கம்பி விட்டு அளந்து, அதற்கேற்ற நீளத்தில் போல்ட்டு வாங்க வேண்டும். என் ஆக்ஸிலில் மரை அங்குலக் கணக்கு. அதில் மில்லிமீட்டர் போல்ட்டை முதல் சுற்றில் பிடிக்கிறதே என்று முடுக்கினால் கூட்டின் மரை போய்விடும், கூடு கிடைப்பது அரிது. 12.9 என்று பொறித்த மிக வலுவான போல்ட்டு இங்கே தேவையில்லை, 8.8-க்கு இணையானது போதும், ஏனென்றால் அளவுக்கு மேல் முடுக்கினால் முதலில் தோற்பது போல்ட்டு அல்ல, கூட்டின் மரை. போல்ட்டுத் தலையைக் கல்லிலிருந்து காக்க வளையத்தில் குழி தோண்டி உள்ளே அமர்த்தியிருக்கிறோம். அந்தக் குழியில் ஆலன் போல்ட்டு போடச் சொன்னார்கள். நான் அறுகோணத் தலையையே போட்டு, சாக்கெட் போகுமளவுக்குக் குழியை அகலமாக்கச் சொன்னேன். எங்கள் பக்கச் செம்மண் ஆலன் போல்ட்டின் துளைக்குள் புகுந்து, ஆக்ஸில் சூட்டில் வெந்து, சுட்ட செங்கல்லாக இறுகிவிடும். ஆணியால் குடைந்து எடுக்கும் வேலை எனக்கு வேறு வண்டியில் பழக்கம்.

கூட்டின் வாயில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைப் பித்தளைத் தகட்டால் சுரண்டி, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசை போகும்வரை துடைத்தோம். துடைத்த பிறகும் உள்ளிருந்து எண்ணெய் மெல்ல வழிந்து கீழ் விளிம்பை நனைத்துக்கொண்டே இருக்கும். அதனால் கழற்றியபின் ஓர் இரவு வடியவிட்டு, மறுநாள் துடைத்துப் பூட்டுவது உத்தமம். கவரின் வாயில் வண்ணம் பூசக் கூடாது. சிலிக்கான் பசையை அறுபடாத ஒரே இழையாகப் போல்ட்டுத் துளைகளின் உட்பக்கமாகச் சுற்றி இழுத்து, கவரை வைத்து விரலால் மட்டும் போல்ட்டுகளைத் திருகி, பசை சற்றுப் பிடித்தபின் எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கி, கையேட்டில் கொடுத்துள்ள அளவுக்குத் டார்க் ரெஞ்சில் நிறுத்தினோம். எடுத்தவுடன் முழுக்க இறுக்கினால் பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும். உள்ளே பிதுங்கியது துண்டாகி எண்ணெயில் மிதக்கும். பசை முழுக்க இறுகும்வரை எண்ணெய் ஊற்றவில்லை. குழலின் மேல் போட்டிருக்கும் நேரத்தை மதித்தோம்.

எண்ணெயில் இரண்டு செய்திகள். ஒன்று, இந்த வகைப் பல்லுக்கு ஜிஎல்-5 தரம் வேண்டும். பித்தளைச் சின்க்ரோ உள்ள கியர் பெட்டிக்குச் சொல்லப்பட்ட ஜிஎல்-4 எண்ணெயை மிச்சம் இருக்கிறதே என்று இங்கே ஊற்றக் கூடாது. தடிப்பு 80டபிள்யூ-90 என்று கையேடு சொன்னதையே நான் ஊற்றுகிறேன். வேலூர் வெயிலுக்கு இன்னும் தடிப்பானது வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு, அக்னி நட்சத்திரத்தில் சுமையோடு ஏறி இறங்கியும் எனக்கு அதற்கான தேவை தெரியவில்லை. இரண்டு, அளவு. புதிய கவரில் எண்ணெய் ஊற்றும் துளையைப் பட்டறைக்காரர் தம் வசதிக்கு மேலே வைத்துவிட்டால், அந்தத் துளை வழியும்வரை ஊற்றுவது பழைய அளவைவிடக் கூடுதலாகும். கூடுதல் எண்ணெய் நுரைத்து, சூடேறி, ஆக்ஸில் குழாய் வழியாகச் சீல்களை நோக்கிப் போகும். கூட்டிலேயே பழைய துளை இருந்தால் அதுவே அளவுகோல்; வண்டி சமதரையில் நிற்க, அந்தத் துளையின் கீழ் விளிம்பில் சுண்டுவிரலை வைத்தால் எண்ணெய் தொட வேண்டும். என் கவரில் அடியில் காந்தம் வைத்த வடிகால் திருகு ஒன்றைக் கூடுதலாக வைத்தேன். அதுவும் வளையத்துக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், புடைத்து நின்றால் முதல் கல்லே அதைக் கொண்டுபோய்விடும்.

ஆக்ஸிலின் மூச்சுக்குழாயைப் பற்றிக் கவர் மாற்றுபவர்கள் நினைப்பதே இல்லை. ஓடும்போது ஆக்ஸில் சூடேறி உள்ளே காற்று விரியும். அது வெளியேற மேலே ஒரு சிறு வால்வு இருக்கும். செம்மண்ணில் அது அடைபட்டுவிட்டால், விரிந்த காற்று மிகப் பலவீனமான இடத்தைத் தேடும். பழைய மெல்லிய கவரில் அது பேக்கிங் வழியாக வெளியேறி, நமக்கு எண்ணெய்க் கசிவாகத் தெரிந்துகொண்டிருந்தது. புதிய கவர் இறுக அடைத்துவிட்டதால், அடுத்து மிஞ்சுவது சக்கரத்து எண்ணெய்ச் சீல். அது விட்டால் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைக்கும், சுமையோடு இறங்கும்போது பின் பிரேக் பிடிக்காது. நீர் கடக்கும்போது நேர்வது இதற்கு மறுதலை. மழைக்காலத்தில் அமிர்தி பக்கத்து ஓடைகளில் சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கியதும், உள்ளே காற்று சுருங்கி, தாழ்வாக இருக்கும் மூச்சுத்துளை வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுக்கும். வால்வைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயைப் பொருத்திப் பின் விளக்கின் உயரம்வரை ஏற்றி, அதன் முனையில் வடிகட்டி மாட்டியிருக்கிறேன். கவருக்குச் செலவழித்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு ஆகவில்லை. பணம் இரண்டில் ஒன்றுக்கே இருக்கிறது என்பவருக்கு, முதலில் இதைச் செய்யச் சொல்வேன்.

கனத்த கவர் ஆக்ஸிலையே வலுவாக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். கூட்டின் வாய் கொஞ்சம் விறைப்பாகலாம். அதனால் ஆக்ஸில் தண்டு முறியாது என்றோ, வளைந்த குழாய் நிமிரும் என்றோ நம்பிப் பாரம் கூட்டக் கூடாது. தரைக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளியும் இதனால் கூடாது. அது டயரின் விட்டம் எவ்வளவு பெருகுகிறதோ அதில் பாதி அளவுக்கே கூடும். கவரால் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை சில கிலோ கூடியிருக்கிறது. பட்டை ஸ்பிரிங் ஜீப்பில் அது ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று: வளைவில் பின்னால் இறங்க வேண்டி வந்தால் முன்போல் நெஞ்சு படபடப்பதில்லை. அதற்குப் பிறகும் கல்லில் உரசியிருக்கிறது. வண்ணம் போய் இரும்பு தெரியும் கீறல்கள் கீழ்ப்பாதியில் இருக்கின்றன, வளையம் அசையவில்லை, துடைத்துப் பார்த்தால் விரல் உலர்ந்தே வருகிறது. கீறிய இடத்தில் மழைக்கு முன் துருத் தடுப்புப் பூச்சைத் தடவிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவர் மாற்றியதும் புதுத் துணிச்சல் வந்து, பாதை இல்லாத இடத்தில் ஜீப்பை விட்டுப் பார்க்கும் ஆசை சிலருக்கு வருகிறது. ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. சிற்றூர்களுக்குப் போகும் வழியைவிட்டு அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம், அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் அது தொல்லை. நான் பேசுவதெல்லாம் வழியிலேயே கிடக்கும் கல்லைப் பற்றி மட்டும்.

இப்போது முறை முன் ஆக்ஸிலுக்கு. அங்கே பினியன் பின்னோக்கி இருப்பதால் கவர் வண்டியின் முகத்தைப் பார்த்து நிற்கிறது, ஆகவே ஏறும்போது கல்லைச் சந்திப்பது அதுதான். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுவதென்றால் முன் கவரையே முதலில் மாற்ற வேண்டும் என்பது இப்போது என் கருத்து. எனக்குப் பின் கவர் முதலில் வாய்த்தது அந்த டிராக்டரால். டிஃபரன்ஷியல் குமிழ் இந்த ஜீப்புகளில் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதால், எந்தப் பக்கம் என்று தெரிந்து வைத்துக்கொண்டு கல்லை மறுபக்கமாக விட்டு ஓட்டிச் சமாளித்து வருகிறேன். பாய் பேக்கிங் தாளில் முன் ஆக்ஸிலின் வாயையும் எடுத்து வைத்துவிட்டார். வளையம் வெட்டக் கொடுப்பதற்கு முன், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, முன் ஸ்பிரிங்கில் பாரம் ஏற்றி, ஸ்டீயரிங் ராடுகள் கவருக்கு எவ்வளவு அருகில் வருகின்றன என்று அளக்க வேண்டும்; குமிழின் புடைப்பை அந்த அளவு தீர்மானிக்கும். புளி இறக்கும் வேலை முடிந்து வண்டி ஓய்ந்து நிற்கும்போது அதைப் பார்ப்பதாக இருக்கிறோம்.